தராசா, நூலா? பருவ வயதுப் பிள்ளையின் வண்டியை, அதாவது தொப்பையை, எதால் அளப்பது

வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருக்கிறது, பள்ளிக்கூடச் சேர்ட்டின் நடுப் பொத்தான் இழுபடத் தொடங்கிவிட்டது என்றால், அளந்து பார்க்க நான்கு வழிகள் உண்டு. தராசில் ஏற்றி நிறை பார்க்கலாம். நிறையையும் உயரத்தையும் வைத்து உடற்திணிவுச் சுட்டியை (BMI) கணக்குப் போடலாம். இஞ்சி ரேப்பால் இடுப்புச் சுற்றளவை எடுத்து அட்டவணையோடு ஒப்பிடலாம். அல்லது அந்தச் சுற்றளவு உயரத்தின் பாதிக்குள் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கலாம், அதற்கு ஒரு நூல் போதும். திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் கடைசி வழியைத்தான் பிடித்துக்கொண்டோம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 13. ஆகவே நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தராசைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எலும்பு, தசை, கொழுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும். வளருகிற பிள்ளைக்கு நிறை கூடத்தானே வேண்டும்? கூடியது உடம்பில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தராசு சொல்லாது. காலடியால் மெல்லிய மின்சாரம் விட்டுக் கொழுப்பைக் காட்டும் மின் தராசுகளும் இருக்கின்றன. அவை உடம்பிலுள்ள நீரை வைத்துக் கணக்கிடுபவை. வெயிலில் பந்தடித்து வியர்த்து வந்த பிள்ளைக்கு ஒரு எண் வரும், தண்ணீர் குடித்து ஆறிய பிறகு வேறொன்று வரும்.

உடற்திணிவுச் சுட்டியை அப்படித் தள்ளிவிட முடியாது. பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் பார்ப்பதும் அதைத்தான். மெலிவு, பருமன் இரண்டையும் ஒரே கணக்கில் பிடிக்கும். மெலிவு இன்னும் பெரிய பிரச்சினையாக இருக்கிற நம் நாட்டுக்கு அது தேவை. ஆனால் அதிக நிறைக்குப் பெரியவர்களுக்குச் சொல்கிற 25 என்ற எல்லை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 5 முதல் 19 வயது வரைக்குமான உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில், வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் மகனையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் அளந்தபோது உயரம் 162 சென்ரிமீட்டர், நிறை 57 கிலோ. சுட்டி 21.7. அந்த வயதுப் பையன்களுக்கு அதிக நிறை என்ற கோடு ஏறக்குறைய 22.7இல் இருக்கிறது. ஆகவே அட்டவணைப்படி பிள்ளை சுகமாக இருந்தான். ஆனால் இடுப்பு 83 சென்ரிமீட்டர். உயரத்தில் பாதி 81. கையும் காலும் மெலிவு, வண்டி மட்டும் முன்னுக்கு.

தெற்காசிய உடம்புக்கு இது புதிதல்ல. ஒரே சுட்டியுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் நம்மவர் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதல், அதுவும் வயிற்றுக்குள்ளே கூடுதல். குடலைச் சுற்றிப் படியும் அந்தக் கொழுப்பிலிருந்து கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகும். ஈரலில் கொழுப்பு ஏறும், இன்சுலினின் வேலை மந்தமாகும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் வருகிற வழிகளில் இதுவும் ஒன்று. தொடையிலும் பின்புறத்திலும் இருக்கிற கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அதனால்தான் எனக்கு மொத்த நிறையைவிட வயிற்றின் அளவு முக்கியமாகப் பட்டது.

அப்படியென்றால் மூன்றாவது வழி போதாதா? இடுப்பை மட்டும் அளந்தால் சரிதானே? பெரியவர்களுக்குச் சரி. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லை வைத்திருக்கிறது. 2007இல் அது வெளியிட்ட வரையறையில், 16 வயதிலிருந்து பிள்ளைகளுக்கும் இந்த எல்லைதான். 10 முதல் 16 வரை, அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் 90 பேரின் இடுப்பு அளவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் கவனிக்க வேண்டும். அதற்கு மறுபடி வயது வாரியான அட்டவணை தேவை, அதுவும் நம் பிள்ளைகளுக்குப் பொருந்துகிற அட்டவணை. சமையலறைச் சுவரில் ஒட்டி வைக்கிற விஷயம் இல்லை அது.

நான் நூலுக்குச் சாய்ந்த காரணம், இப்படி அட்டவணையை அடிக்கடி பார்த்து எல்லையை மாற்றிக்கொண்டிருக்கிற இந்த வேலைதான். பருவ வயதில் பிள்ளை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு வருஷம் அகலமாகும், அடுத்த வருஷம் உயரமாகும். எந்த எல்லையை எழுதி வைத்தாலும் சில மாதத்தில் அது பழசாகிவிடும். உயரத்தின் பாதி என்ற எல்லை மட்டும் பிள்ளையோடு சேர்ந்து தானாக வளரும். 150 சென்ரிமீட்டர் பிள்ளைக்கு 75, 168 ஆனால் 84. ஆண், பெண், வயது என்ற பிரிப்பு இல்லை. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டலும் பெரியவர்களோடு 5 வயதிலிருந்து பிள்ளைகளுக்கும் இந்த அளவைப் பார்க்கலாம் என்கிறது. பாதிக்குக் கீழே நல்லது, இடுப்பை உயரத்தால் வகுத்து வருகிற எண் 0.6ஐத் தொட்டால் ஆபத்து அதிகம்.

மகனின் அடுத்த அளவுகளைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். உயரம் 166 ஆனது, நிறை 60, இடுப்பு 82. தராசு மூன்று கிலோ கூடிவிட்டது என்றது. சுட்டி 21.8, கிட்டத்தட்ட அதே இடம். நூல்தான் பிள்ளை பாதிக்குள் வந்துவிட்டான் என்று காட்டியது. தராசை மட்டும் நம்பியிருந்தால் அவன் சோற்றில் கை வைத்திருப்போம். வளருகிற வயதில் அது கூடாத வேலை.

செய்முறை சுலபம். பலசரக்குக் கடையில் பொதி கட்டுகிற சணல் நூல் போதும். இழுபடுகிற நூல் ஆகாது. பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, உச்சி முதல் குதிக்கால் வரை நூலை வெட்டி, இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலில், மூச்சை மெல்ல விட்ட பிறகு சுற்றுங்கள். முனைகள் ஒன்றையொன்று தாண்டினால் நல்லது. இடைவெளி விழுந்தால் பாதியைக் கடந்துவிட்டது. வயிற்றை எக்கக் கூடாது. காற்சட்டை அளவை நம்ப வேண்டாம், பையன்கள் அதை வண்டிக்குக் கீழேதான் போடுகிறார்கள். துணி ரேப் பாவிக்கிறவர்கள் அதை அடிமட்டத்தோடு வைத்துப் பாருங்கள். பழைய ரேப் இழுபட்டிருக்கும்.

இன்னொன்று, பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே அளக்கலாம். “அம்மா, இந்த முறை முட்டிச்சு” என்று சொன்னால் எனக்குப் போதும். பத்துப் பேர் முன்னால் தராசில் ஏற்றுவது 15 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு கூச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மம்மா மட்டும் “வளருற பிள்ளை, வண்டி தானாக் கரைஞ்சிடும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தா. சிலருக்கு உயரம் கூடும்போது கொஞ்சம் குறையும்தான். ஆனால் பருவ வயதில் உடற்பருமனோடு இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெரியவர்களானதும் அப்படியே இருக்கிறார்கள். காரணங்களும் தானாகக் கரையக்கூடியவை இல்லை. பள்ளி விட்டதும் ரியூசன், இடையில் ரோல்ஸும் இனிப்புச் சோடாவும், இரவு போன், விடிய எழும்பிச் சாப்பிடாமல் ஓட்டம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தூக்கமும், நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அசைவும் தேவை. சாதாரணதரப் பரீட்சை வருஷத்தில் இரண்டுமே முதலில் வெட்டுப்படுகின்றன. நாங்கள் ஒரு மாலை ரியூசனை நிறுத்தி, டச்பே கடற்கரைக்குப் பந்தோடு அனுப்பினோம். சோடாவை வீட்டுக்குள் எடுப்பதில்லை. இடுப்பு நின்றது அதனாலா, உயரம் பாய்ந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

மகளின் விஷயத்தில் என் அனுபவம் இன்னும் மெல்லியது. பூப்பெய்தும் காலத்தில் உடம்பு வேறு மாதிரி மாறுகிறது. ஒரு அளவைப் பார்த்து அவளிடம் எதுவும் சொல்வதில்லை, தொடர்ந்து கூடுகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்து, பிள்ளையின் பின்கழுத்தில் அழுக்குப் போலக் கருமை தடித்துத் தேய்த்தும் போகாமல் இருந்தால், நூலோடு நிற்க வேண்டாம். வைத்தியரிடம் கூட்டிப்போய், வெறும் வயிற்றில் சீனியும் கொழுப்பும் ஈரலும் பார்க்கக் கேளுங்கள். போகும்போது உயரம், நிறை, இடுப்பு மூன்றையும் திகதியோடு எழுதிக் கொண்டுபோங்கள்.