நாலு பைப் என்று விற்ற கூலர்: பழைய கணினியை ஓவர்கிளாக் செய்ய நினைப்போர் கவனத்திற்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பழைய கணினிக்குப் புதிய கூலர் (பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கருவி) வாங்கவிருப்பவர்கள், கடைக்காரர் சொல்லும் பைப் (சூட்டை மேலே கடத்தும் செம்புக் குழாய்) எண்ணிக்கையையும், எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கையும் மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். தருமபுரி நகரில் உள்ள ஒரு கடையில் எனக்கு நேர்ந்தது இது. கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

என்னிடம் இருப்பது 2011-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2500கே பிராசஸரும் இசட்68 மதர்போர்டும். கல்யாண வீடியோக்களை எடிட் செய்வதற்கு இன்றும் இதுவே போதுமானதாக இருக்கிறது. இதன் அடிப்படை வேகமான 3.3 கிகாஹெர்ட்ஸை 4.2 வரை உயர்த்தினால் (இப்படி உயர்த்துவதே ஓவர்கிளாக்) ரெண்டர் நேரம், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் நேரம், கணிசமாகக் குறையும் என்பதும், அந்த அளவுக்கு மின்னழுத்தத்தைப் பெரிதாகக் கூட்டத் தேவையிருக்காது என்பதும் இந்த பிராசஸரைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். ஆனால் 95 வாட் பிராசஸருக்கென்று உடன் வந்த சிறிய கூலர், காவேரிப்பட்டணத்துக் கோடையில் அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது, 3.3-க்கே திணறிக்கொண்டிருந்தது. பிராசஸர் பெயர், 1155 சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தின் வகை), எனக்கு வேண்டிய வேகம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியே கடையில் கொடுத்தேன். "நாலு பைப் சார், 130 வாட், அஞ்சு கிகாஹெர்ட்ஸ் வெச்சாக்கூடத் தாங்கும்" என்றார்கள். கூலருக்கு 1,850 ரூபாயும், பொருத்தி ஓவர்கிளாக் செய்து தருவதற்கு 300 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். பில்லில் "கூலர் - 1" என்று மட்டும் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து, பிராசஸரை முழுமூச்சாக வேலை வாங்கிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓடவிட்டபோது, சில நிமிடங்களுக்குள் வெப்பத்தைக் காட்டும் கோர் டெம்ப் மென்பொருள் 90 டிகிரியைத் தாண்டிக் காட்டியது. அதைவிட முக்கியமாக, பிராசஸருக்குள் இருக்கும் நான்கு கோர்களில் (கணக்கிடும் அலகுகளில்) ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 14 டிகிரி அதிகமாக இருந்தது. கோர்களுக்கிடையே சில டிகிரி வேறுபாடு சகஜம். இத்தனை டிகிரி என்றால் கூலரின் அடிப்பாகம் பிராசஸரின் மேல் சமமாக உட்காரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

கழற்றிப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. கூலரின் உச்சியில் நான்கு செம்பு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன என்பது உண்மைதான். ஆனால் அடியில் வந்து தொடுவது இரண்டே பைப். ஒவ்வொன்றும் யூ வடிவில் வளைந்து இரு பக்கமும் மேலேறுவதால், இரண்டு பைப்புக்கு நான்கு முனை தெரிகிறது. முனைகளை எண்ணி விலை சொல்லிவிட்டார்கள். உண்மையிலேயே நான்கு பைப் உள்ள கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 போன்றவற்றில் மேலே எட்டு முனைகள் இருக்கும். ஆகவே கூலரைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் எண்ணுங்கள்.

இரண்டாவதுதான் பெரிய அநியாயம். அந்தக் கூலரின் கால்கள் 775 சாக்கெட்டுக்கானவை. 775-இல் துளைகளுக்கிடையே 72 மில்லிமீட்டர், 1155-இல் 75. இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கக் கால்களை வெளிப்பக்கமாக நெம்பிவிட்டு, பிளாஸ்டிக் புஷ் பின்களைச் சாய்வாக அழுத்தியிருக்கிறார்கள். ஒரு பின்னின் நுனி பிளந்து, பூட்டாமலே நின்றது. பிராசஸர் மூடியின் மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்தத் தடவும் வெள்ளைப் பேஸ்ட் ஒரு பாதியில் மட்டும் நசுங்கிப் பிறை போலப் படிந்திருந்தது. மறு பாதியில் தடவியபடியே கெட்டியாகக் கிடந்தது. 1156, 1155, 1150, 1151, 1200 ஆகிய சாக்கெட்டுகளுக்கு ஒரே துளை இடைவெளிதான் என்பதால், பெட்டியில் '115எக்ஸ்' என்றோ '1200' என்றோ போட்டிருந்தால் போதும். 1700-க்கு மட்டும் என்றிருந்தால் ஆகாது; அது 78 மில்லிமீட்டர். கூடுமானவரை மதர்போர்டின் பின்னால் தகடு வைத்துத் திருகாணியில் முடுக்கும் கூலரையே வாங்குங்கள். அந்தத் தகட்டை வைக்கப் பெரும்பாலான பழைய கேபினெட்டுகளில் போர்டையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்குச் சோம்பியே பல கடைகளில் புஷ் பின் வகையைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஹைப்பர் 212 ஈவோவின் உயரம் 159 மில்லிமீட்டர் என்பதால், கேபினெட்டின் அகலத்தையும் அளந்துகொண்டு போவது நல்லது.

மூன்றாவது, அவர்கள் செய்த 'ஓவர்கிளாக்'. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணான மல்டிபிளையரை 42 என்று வைத்துவிட்டு, மின்னழுத்தத்தை ஆட்டோவிலேயே விட்டிருந்தார்கள். போர்டு தன் இஷ்டத்துக்கு 1.40 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதே வேகத்துக்கு 1.25 வோல்ட் போதுமானால், 1.40-இல் கால் பங்கு வெப்பம் வீணாக ஏறுகிறது.

திரும்பப் போய்க் கேட்டபோது, "பழைய பிராசஸர் சார், உள்ளே பேஸ்ட் காய்ஞ்சிருக்கும்" என்றார்கள். 2500கே-யில் சில்லுக்கும் மூடிக்கும் நடுவே பேஸ்டே கிடையாது. ஈயம் பற்றவைப்பதுபோல் உலோகத்தால் சால்டர் செய்திருப்பார்கள். அடுத்து 2012-இல் வந்த தலைமுறையில்தான் பேஸ்டுக்கு மாறினார்கள். இதைச் சொன்னதும், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற முத்திரையைப் பில்லில் காட்டினார்கள். என் பழைய கூலரைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்று பதில் வந்தது. கழற்றியதைக் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்த முத்திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிப்பிடாதபோது 30 நாள்களுக்குள்ளும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணமில்லை. பில்லில் கூலரின் மாடலும் சாக்கெட் எண்ணும் எழுதப்பட்டிருந்தால் என் வேலை இன்னும் எளிதாக இருந்திருக்கும். நெம்பிய கால்களோடும் பிளந்த பின்னோடும் கூலரை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். பேஸ்ட் படிந்திருந்த விதத்தையும் துடைப்பதற்கு முன் படமெடுத்துக்கொண்டேன். நண்பர் ஒருவர் கொடுத்த பழைய கூலரில் கணினி இப்போது 3.3-இலேயே ஓடுகிறது. கடையில் பணத்தைத் திருப்பித் தந்தால் அதையும் எழுதிவிடுகிறேன்.