கோத்தகிரி டீ ஃபேக்டரி மோட்டார்ல கிளாம்ப் சிடி + ஈஎஸ்பி32, ரெண்டு மூணு மழைக்கு அப்புறம்

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில, இலையை நசுக்கி சுருட்டுற சிடிசி மெஷின் மோட்டாருக்கு எஸ்சிடி-013 கிளாம்ப் சிடி (வயரை கவ்வி கரன்ட்டை அளக்குற குட்டி டிரான்ஸ்ஃபார்மர்) மாட்டி, ஈஎஸ்பி32-ங்குற குட்டி கன்ட்ரோலர் போர்டுல ஆம்ப்ஸ் பாக்குறோம். ரெண்டு மூணு ஐப்பசி மழை தாண்டியும் ஓடுது, அதனால தைரியமா சொல்றேன், ஏசி மோட்டாருக்கு இதான் சரி.

கரன்ட் அளக்குற ஏசிஎஸ்712 ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணர்ற சிப்) போர்டு ஏன் போடலன்னு கேப்பாங்க. அதுல பெருசே 30 ஆம்பியர்தான், 20 எச்பி மோட்டார் ஃபுல் லோடுலயே 27, 28 இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது கேக்கவே வேணாம், அதுவும் மெயின் வயரை வெட்டி அந்த குட்டி போர்டு வழியா விடணும். சிப்புக்குள்ள ஐசோலேஷன் இருக்கு, இல்லேங்கல, ஆனா 415 வோல்ட் லைனை அதுல ஓடவிட்டு பக்கத்துலயே லேப்டாப் கேபிள் சொருக மனசு வரல. கிளாம்ப் வயரோட இன்சுலேஷன் மேலயே கவ்விக்கும், நடுவுல காந்தப்புலம் மட்டும்தான். சோலார் பேட்டரி மாதிரி டிசின்னா ஹால் சென்சார்தான் போடணும், சிடிக்கு டிசி தெரியாது.

நான் போட்ட கிளாம்ப்ல 100 ஆம்பியருக்கு 50 மில்லிஆம்ப் வரும். அந்த கரன்ட்டை வோல்டேஜா மாத்த சிடியோட ரெண்டு வயருக்கும் குறுக்க ஒரு பர்டன் ரெசிஸ்டர் வேணும், 3.3 வோல்ட்டுக்கு 22 ஓம் கணக்குக்கு சரியா வரும், ஆனா ஈஎஸ்பி32-க்குள்ள வோல்டேஜை நம்பரா மாத்துற ஏடிசி மேல்முனையில வளையும், அதாவது ரீடிங் தப்பா வரும், அதனால 18 ஓம் போட்டு ஏடிஎஸ்1115-ங்குற தனி ஏடிசி சிப் வழியா படிக்கிறேன். ரெசிஸ்டரை சிடி வயர்லயே சோல்டர் பண்ணிடுங்க, மோட்டார் ஓடும்போது யாராவது போர்டை கழட்டினாலும் செகண்டரி (சிடிக்குள்ள இருக்க காயில்) ஓபன் ஆகாது, ஓபன் ஆனா வோல்டேஜ் எகிறும்.

ஸ்டார்-டெல்டா பேனல்னா (மோட்டாரை ஸ்டார் இணைப்புல கிளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்துற ஸ்டார்ட்டர்) இன்னொண்ணு, மோட்டாருக்கு போற ஆறு வயர்ல ஒண்ணுல கவ்வினா டெல்டால லைன் கரன்ட்ல 58 சதவீதம்தான் காட்டும். ஸ்டார்ட்டருக்கு முன்னாடி, இன்கமிங் பேஸ்ல ஒத்த வயர்ல மட்டும் கவ்வுங்க.

ஈரத்துக்கு பயந்தேன், பாக்ஸுக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டதோட அது முடிஞ்சுது. தொல்லை குடுத்தது டீ தூசிதான், அது கிளாம்ப் வாய்க்குள்ள போய் உக்காந்தா சின்ன இடைவெளி விழும், ரீடிங் கொஞ்சம் கொஞ்சமா குறையும், மோட்டார் நல்லா ஓடுதுன்னு நாம நெனச்சுப்போம். இப்போ சீசனுக்கு ஒருதடவை மெயினை ஆஃப் பண்ணி வாயை உலர் துணியால தொடச்சு, கையில வச்சிருக்க கிளாம்ப் மீட்டரோட ஒப்பிட்டுக்குறோம்.

டீ மேக்கர் அண்ணனுக்கு ஏடிசியும் ஓமும் எதுக்கு, இலை அதிகமா விழுந்தா நம்பர் ஏறுது, அவர் ஃபீடை குறைக்கிறார்.

எனக்கு சுத்தமா புடிக்காதது சிடி வயர் நுனியில வர்ற அந்த 3.5 எம்எம் ஜாக், ஹெட்ஃபோனுக்கு சரி, அதிர்ற மெஷின் பக்கத்துல லூஸ் ஆகுது, வெட்டிப்போட்டு ஸ்க்ரூ டெர்மினல் வச்சுக்கோங்க.