கனத்தைப் பார்த்து ஏமாந்த கதை: லொறியாக மாறும் ரோபோ வாங்கப் போகிறவர்களுக்கு

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து லொறியாக மாறும் ரோபோ பொம்மைக்கு ஆர்டர் போட நினைத்திருப்பவர்கள், காசு கட்டும் முன் இதை ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

சின்னவனுக்கு எட்டு வயது முடிகிறது, டிரான்ஸ்போமர்ஸ் படங்களில் லொறியாக மாறும் ரோபோ ஆப்டிமஸ் பிரைம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. விளம்பரப் படத்தில் அந்தச் சிவப்பு நீல ரோபோ ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலை இடுப்புக்கு மேலே தூக்கி உதைக்கிறது. ஒரிஜினல், மெட்டல் பாடி, 9,500 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். எங்கள் அம்மா அந்தக் காசைக் கண்ணால் பார்க்க ஒரு கிழமை முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து நாட்சம்பளத்துக்குப் பெயர் போட வேண்டும், அதனால் வாட்ஸ்அப்பில் விசாரித்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன். "ஒரிஜினல்தான் அண்ணே, கையில எடுத்துப் பாருங்க, கனத்துலயே தெரியும்" என்று வாய்ஸ் வந்தது.

பார்சல் வந்தது ஒரு மழை நாளில். கொரியர் தம்பியிடம் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், "காசு கட்டின பிறகுதான் அண்ணே" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டினேன், பிரித்தேன். அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கனமா இருக்கே, கெட்டி சாமான்தான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சட்டியிலிருந்து சைக்கிள் வரைக்கும் கனத்தை வைத்துத்தானே நாங்கள் தரம் பார்க்கிறோம்?

நிற்க வைத்தேன். இரண்டு கால்களும் மெதுவாக விரிந்துகொண்டே போய், ஐந்து நிமிடத்தில் ரோபோ மேசையில் குந்திவிட்டது.

பெட்டியில் ஒரிஜினலைச் செய்கிற ஹஸ்ப்ரோ, டகாரா டொமி கம்பனிகளின் பெயர் எதுவும் இல்லை. ஒரிஜினலில் பாதத்தின் அடியிலோ தொடையிலோ உற்பத்தியாளர் பெயரும் உரிமை வருடமும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், இதில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. அடிமட்டத்தை வைத்து அளந்தால் 27 சென்ரிமீற்றர். அப்போதுதான் விளங்கியது. வொயேஜர் என்ற அளவில் ஒரிஜினல் ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் வரும், அதே வடிவத்தை ஒன்றரை மடங்கு பெருப்பித்திருக்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒன்றரை மடங்கானால் எடை மூன்று மடங்குக்கு மேல் ஏறும், ஆனால் அந்த எடையைப் பிடித்து வைக்கிற மூட்டின் உரசும் பரப்பு இரண்டேகால் மடங்குதான் கூடும். இதற்கு மேல் தொடையிலும் காலிலும் இரும்போ என்னவோ ஒரு உலோகத்தையும் திணித்திருக்கிறார்கள். இடுப்பு பாவம், என்ன செய்யும்? நல்ல பெரிய பொம்மைகளில் இடுப்பை அசைத்தால் கடக் கடக் என்று பல் பிடிக்கிற சத்தம் கேட்கும், ராட்செட் என்பார்கள், பாரத்தைத் தாங்குவது அதுதான். இதில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் குண்டு மூட்டு, அதுவும் எண்ணெய் பூசின மாதிரி வழுக்குகிறது.

உலோகம் போட்டால் உசத்தி என்பதே பழைய நினைப்பு. 1984ல் ஹஸ்ப்ரோ இந்தப் பொம்மைகளை முதலில் இறக்கியபோது, அவை ஜப்பானில் டகாரா செய்துகொண்டிருந்த டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் பொம்மைகளிலிருந்து எடுத்தவை, சிலதில் உலோகம் தாராளமாக இருந்தது, கை கால் அசைவுதான் குறைவு. இப்போது வருபவை பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆனால் முழங்கை மடங்கும், தொடை சுழலும், சிலதில் கணுக்கால் பக்கவாட்டில் சாய்ந்து பாதம் முழுதாகத் தரையில் படியும். இதில் கணுக்கால் முன்னும் பின்னும் மட்டுந்தான், காலை அகட்டினால் பாதத்தின் விளிம்பில் நிற்கிறது. நின்றால்.

சரி, லொறியாகவாவது மாற்றிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். வழிகாட்டித் தாள் போட்டோக்கொப்பிக்குப் போட்டோக்கொப்பி எடுத்த மாதிரி, எது கை எது கதவு என்று தெரியாது. ஒரிஜினலை மாற்றும்போது ஒவ்வொரு துண்டும் தன் இடத்துக்கு வந்ததும் டக்கென்று ஒரு சத்தம், அதுக்காகவே திரும்பத் திரும்ப மாற்றத் தோன்றும். இதில் முன் கண்ணாடிப் பக்கத்தை மூடினால் பின்னால் கால் பிரிகிறது, காலை அமுக்கினால் முன்பக்கம் வாய் திறக்கிறது, அந்த இடைவெளியில் பத்து ரூபாய்க் குத்தியை நுழைத்துப் பார்த்தேன், தாராளமாகப் போனது. மூன்றாவது தரம் அமுக்கும்போது காலின் பக்கத்துக் கொக்கி வேரடியில் வெள்ளையாக வெளிறியது, சிவப்பு பிளாஸ்டிக்கில் அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும், நான் எடுக்கவில்லை, ஒடிந்தது. முழங்கையில் ஒரு இரும்பு ஊசி பாதி வெளியே வந்து குத்தத் தயாராக நின்றது, நல்ல வேளை பையன் கையில் கொடுக்கும் முன் கண்டேன்.

வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் "நீங்க மாத்தத் தெரியாம உடைச்சிட்டு எங்கள குறை சொல்றீங்க" என்று ஒரு வாய்ஸ், அப்புறம் பிளாக். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்தான், ஆனால் என்னிடம் பில்லும் இல்லை, கடையின் முகவரியும் இல்லை, இருப்பது ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும். பில் தருவீர்களா என்று முதலிலேயே கேட்காதது என் பிழை.

நீங்கள் வாங்குவதென்றால் படத்தை நம்பாமல் வீடியோ கேளுங்கள். ரோபோவை லொறியாக்கி, திரும்ப ரோபோவாக்கி, வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்தது வேண்டும், அப்புறம் பாதத்தின் அடியைக் காட்டச் சொல்லுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு: குண்டு மூட்டைக் கழற்றி நிறமில்லாத நகப் பூச்சை மெல்லிதாகத் தடவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டினால் பிடிப்பு கொஞ்சம் வரும். இங்கே இந்த மழைக்கும் பனிமூட்டத்துக்கும் ஒரே இரவில் காயாது, நான் இரண்டு நாள் அடுப்பங்கரைப் பக்கம் வைத்தேன். அவசரப்பட்டுப் பூட்டினால் ஒட்டிக்கொள்ளும், சூப்பர் க்ளூ பக்கம் போகவே வேண்டாம். இப்போது நிற்கிறது, கையை மட்டும் தூக்கக்கூடாது. பையன் அதை "நொண்டி பிரைம்" என்று கூப்பிடுகிறான்.

நேற்றுத் தங்கச்சி அனுப்பிய விளம்பரத்தில் வேறு பெயரில் ஒரு பக்கம், அதே படம், விலை 11,000. இந்தத் தடவை படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தூக்கிய காலின் முழங்காலிலிருந்து மேலே ஒரு மெல்லிய நூல் போகிறது, பாதியை அழித்திருக்கிறார்கள், மீதி அப்படியே இருக்கிறது.