ஒன்றரை மணிக்கு எழுதி எட்டு மணிக்கு அனுப்புவது

ஆறு வருடமாகப் பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறேன். பிள்ளைகளைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காரும்போது பதினொன்று ஆகிவிடும். முடிக்க ஒன்றரை. முடித்த கையோடு பிடிஎஃப்பை இணைத்து, சிவகாசியில் லே-அவுட் செய்கிற தம்பிக்கு மெயில் போட்டுவிட்டுப் படுப்பேன். "பக்கம் 42, 57, 61 திருத்தம். நாளைக்குள் வேண்டும்." அவ்வளவுதான் எழுதுவேன்.

ஒருநாள் போனில் அவன் கேட்டான்: "அக்கா, எம்மேல கோபமா? காலையில எந்திரிச்சுப் பார்த்தா ஒன்றரை மணிக்கு உங்க மெயில் நிக்குது. பக்குன்னு இருக்கு." எனக்குத் துளியும் கோபம் இல்லை. பகலில் இதே வரியை அனுப்பியபோது அவன் இப்படிக் கேட்டதும் இல்லை.

இதழியல் படிக்கும் என் அண்ணன் மகளிடம் சொன்னேன். "அத்தை, இதை ஆராய்ச்சியே பண்ணிப் பார்த்திருக்காங்க" என்றாள். இணையவழிப் பேச்சின் உளவியலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜோசப் வால்தர். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர். 1995-இல் அவரும் லிசா டிட்வெல்லும் செய்த சோதனை இது: மின்னஞ்சல்களின் நேர முத்திரையை மட்டும் மாற்றி மாற்றிப் பலரிடம் காட்டினார்கள். வேலை சொல்லும் மெயில் இரவில் வந்ததாகக் காட்டியபோது, அனுப்பியவர் பகலில் அனுப்பியதைவிட அதிகம் அதிகாரம் செய்பவராகத் தெரிந்தார். நலம் விசாரிக்கும் மெயிலில் இதற்கு நேர்மாறு: இரவில் வந்தபோதுதான் அதிகாரம் குறைந்து சமமானவராகத் தெரிந்தார். முகமும் குரலும் இல்லாத இடத்தில் நேரம்கூடக் குரலாகிவிடுகிறது. தம்பியின் "பக்"குக்குக் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதிலிருந்து, இப்போது எழுதியதை நாம் குறிக்கும் நேரத்தில் தானே அனுப்பும் ஜிமெயிலின் 'ஷெட்யூல் சென்ட்' வசதியை விடாமல் பயன்படுத்துகிறேன். 2019 ஏப்ரலில் வந்த வசதி. கணினியில் 'சென்ட்' பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறி. போனில் மேலே மூன்று புள்ளி. நாளை காலை எட்டு மணி, மதியம் ஒரு மணி என்று அதுவே நேரம் எடுத்துக் கொடுக்கும். வேண்டுமானால் நாமே தேதியும் நேரமும் குறிக்கலாம். ஒரே சமயத்தில் 100 மெயில் வரை வரிசையில் நிறுத்தலாம். பெறுபவருக்கு எட்டு மணிக்கு எழுதியது போலத்தான் தெரியும். நான் 9.15 வைக்கிறேன். தம்பி கடை திறந்து, டீ குடித்துவிட்டு உட்காரும் நேரம்.

நேரத்துக்காகத்தான் இதைத் தொட்டேன். ஆனால் இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த ஏழெட்டு மணி நேர இடைவெளிதான். 1996-இல் வால்தர் இன்னொன்றும் எழுதினார். எழுத்தில் மட்டும் பழகுகிறவர்கள் சில சமயம் நேரில் பழகுகிறவர்களைவிட நெருங்கிவிடுகிறார்கள் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, எழுதியதைத் திருத்த அவகாசம் இருப்பது. நம் நல்ல முகத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்ட முடிவது. அது முழுக்க உண்மை என்பேன். காலையில் காபி போட்டுக்கொண்டே வரிசையைத் திறந்து பார்க்கிறேன். தூக்கக் கலக்கத்தில் எழுதிய "மறுபடியும் அதே பிழை" அங்கே உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, "61-ஆம் பக்கத்துப் படம் அழகாக வந்திருக்கிறது" என்று சேர்ப்பேன். படம் அழகாக வந்திருந்தால் மட்டும்தான். பொய்யாக ஒரு சொல்லும் சேர்த்ததில்லை. அந்தத் தம்பியை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. போன தீபாவளிக்கு அவன் அம்மா கையால் செய்த அதிரசம் பார்சலில் வந்தது.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வரிசையில் நிற்கும் மெயிலைத் திருத்த, முதலில் அனுப்புவதை ரத்து செய்ய வேண்டும். உடனே அது வரைவுக்குப் போய்விடும். திருத்தியபின் மறுபடி நேரம் குறிக்க வேண்டும். மறந்தால் அங்கேயே கிடக்கும். நான் குளிர்சாதனப் பெட்டிமேல் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். இந்தக் குறைக்காக, இந்த வசதிக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு நாலரைதான் கொடுப்பேன்.

எல்லா மெயிலுக்கும் இதைப் போட வேண்டாம். தஞ்சாவூரில் என் அக்கா தனியாக இருக்கிறாள். அத்தான் போனபின் அவளுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. ஆசிரியையாக இருந்தவள், போனில் பேசுவதைவிட எழுதுவதுதான் அவளுக்குப் பிடிக்கும். அவளுக்கு எழுதும்போது அந்த அம்புக்குறிப் பக்கமே போவதில்லை. போன மாதம் 1.40-க்கு அனுப்பினேன். 1.52-க்குப் பதில் வந்தது: "நீயும் முழிச்சிருக்கியாடி?"