நியூசிலாந்தின் தென்கோடித் தீவுகளுக்கு ஒரு கப்பல் பயணம்

நியூசிலாந்துக்குத் தெற்கே, 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற தீவுகளைச் சுற்றிக் காட்டும் இந்தக் கப்பல் பயணத்தைப் பறவைகளை நேசிப்பவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஸ்னேர்ஸ் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் கரையிறங்க அனுமதியில்லை என்பதால், வேறெங்கும் இனப்பெருக்கம் செய்யாத கொண்டைப் பென்குயின்கள் வழுக்குப் பாறையில் தத்தித் தத்தி ஏறுவதை ரப்பர் படகிலிருந்தே பார்த்தோம்.

பயணத்தின் உச்சம், 2001இல் மேற்கொண்ட பெருமுயற்சியால் எலிகள் ஒழிக்கப்பட்ட கேம்ப்பெல் தீவுதான். விரித்தால் 3 மீட்டரைத் தாண்டும் சிறகுகளை மடித்துப் புல்வெளியில் அடைகாத்திருந்த ராஜ ஆல்பட்ராஸ் ஒன்று, பலகைப் பாதையில் நின்ற எங்களைப் பொருட்படுத்தாமல், அலகால் கூட்டைச் சீர்செய்துகொண்டிருந்தது. அந்த அமைதியைக் காக்கத்தான், கரையிறங்கும் முன் காலணியின் அடிப்பள்ளங்களையும் பையின் மடிப்புகளையும் விதை ஒட்டியிருக்கிறதா என்று ஊழியர்கள் துருவிப் பார்க்கிறார்கள். அந்தக் கண்டிப்பு மிகவும் பாராட்டத்தக்கது.

உணவும் அறையும் நிறைவாகவே இருந்தன. ஆனால் கடற்சிங்கங்கள் உலவும் எண்டர்பி தீவில் எங்களை அவசரப்படுத்தியது பெருங்குறை. கடல் கடுமையாகக் கொந்தளிக்கும் பகுதி இது. குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.