உலக ஜூனியர் ஹாக்கியை வைத்து இளம் வீரர்களை எடைபோடுவது: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

ஐஸ் ஹாக்கியில் நாளைக்கு யார் பெரிய ஆளாக வருவார் என்று முன்கூட்டியே பார்த்துவைக்க ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்றுதான். வழக்கமாக டிசம்பர் 26 அன்று தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிகிற 20 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப். பத்து அணிகள், ஐந்தைந்தாக இரண்டு பிரிவு. இறுதிவரை போகிற அணிக்கும் மொத்தம் ஏழே ஆட்டங்கள். நான் பல வருடங்களாக இதை ஒரு அளவுகோலாகப் பயன்படுத்தி வருகிறேன். நோட்டு, பதிவுசெய்த ஆட்டங்கள், ஆட்டம் முடிந்ததும் வருகிற புள்ளிவிவரத் தாள் ஆகியவற்றோடு உட்காருவேன். சில வருடம் போனதும் பழைய குறிப்பை எடுத்து, எது பலித்தது எது பலிக்கவில்லை என்று ஒத்துப் பார்ப்பேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னாளில் யார் எத்தனை கோல் அடிப்பார் என்று தெரிந்துகொள்ள இந்தப் போட்டி லாயக்கில்லை. பழகிய அணி, பழகிய கோச், பழகிய இடம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் ஒரு பையன் என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. பெரும்பாலானவர்கள் இதை முதல் வேலைக்குப் பயன்படுத்திவிட்டு, அப்புறம் போட்டியைத் திட்டுகிறார்கள்.

கனடாவின் இளம் வீரர் கானர் பெடார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவிட்டால் பாதியில் நின்றுபோய், 2022 ஆகஸ்டில் எட்மன்டனில் புதிதாக நடந்த தொடரில் அவருக்கு ஏழு ஆட்டத்தில் 8 பாயின்ட் (அடித்த கோலுக்கும், கோலுக்கு வழிசெய்த பாஸுக்கும் தலா ஒன்று). நான்கே மாதம் கழித்து ஹாலிஃபாக்ஸிலும் மாங்க்டனிலும் நடந்த தொடரில் அதே ஏழு ஆட்டத்தில் 23. நான்கு மாதத்தில் யாரும் மூன்று மடங்கு நல்ல ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆகஸ்டில் அது மேசன் மெக்டாவிஷின் அணி. 17 பாயின்ட் எடுத்துத் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வாங்கியவர் அவர்தான். டிசம்பரில் அது பெடார்டின் அணி. பாயின்ட்டை மாற்றியது அணிக்குள் நடந்த அந்த இட மாற்றம். ஆனால் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) உடம்புப் பக்கம் இழுத்து, கோணத்தை மாற்றி, கோலி (கோல் காப்பாளர்) நகர்வதற்குள் சுட்டுவிடுகிற அந்த ஷாட் இரண்டு தொடரிலும் ஒன்றேதான். நோட்டில் எழுதவேண்டியது அதை.

ஒருபக்க ஆட்டங்கள் இன்னொரு தொல்லை. ஒரே தொடரில் 31 பாயின்ட் என்ற பீட்டர் ஃபோர்ஸ்பெர்கின் 1993 சாதனை இன்றைக்கும் நிற்கிறது. அதில் 10 பாயின்ட், ஜப்பானை ஸ்வீடன் 20-1 என்று நொறுக்கிய ஒரே ஆட்டத்தில் வந்தது. ஃபோர்ஸ்பெர்க் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதைச் சொல்ல அந்த ஆட்டம் தேவையே இல்லை, அவ்வளவுதான். 2020 டிசம்பரில் ஜெர்மனி அணியில் பாதிப் பேர் தனிமைப்படுத்தலில் மாட்டிக்கொள்ள, கோலிகளை விட்டால் 14 பேரோடு கனடாவை எதிர்கொண்டு 16-2 என்று தோற்றது. அதுவும் முந்தின நாள்தான் ஃபின்லாந்தோடு ஆடியிருந்தார்கள். கால் துவண்டுபோன அணிக்கு எதிராக எடுத்த பாயின்ட்டும் பட்டியலில் மற்ற பாயின்ட்களோடு சமமாகத்தான் உட்காரும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரில் எனக்கு உண்மையிலேயே உபயோகமான தகவல் ஜெர்மனி பக்கம்தான் இருந்தது. டிம் ஸ்டுட்ஸ்லே ஐந்து ஆட்டத்தில் 10 பாயின்ட் எடுத்து, சிறந்த ஃபார்வர்டு விருதும் வாங்கினார். எதிரணியின் முழுக் கவனமும் தன்மேல் இருக்கும்போது எடுத்த பாயின்ட்டுக்கு எடை அதிகம்.

அதனால் என் நோட்டில் இரண்டு பத்தி. வலுவான அணிகளோடு ஆட்டம் இன்னும் இழுபறியாக இருக்கும்போது நடந்தவை ஒன்றில். ஆட்டம் கைவிட்டுப் போனபிறகு நடந்தவை இன்னொன்றில். இரண்டாவது பத்தியை நான் திரும்பப் படிப்பதே இல்லை.

ஒரே வரிசையாகச் சேர்ந்து களமிறங்குகிற மூன்று ஃபார்வர்டுகளில் யாருக்கு எவ்வளவு பெருமை என்று பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே சிக்கலான பகுதி. 2016-ல் ஹெல்சிங்கியில் சொந்த மண்ணில் தங்கம் வென்ற ஃபின்லாந்தின் முன்வரிசையைச் சொல்லலாம். யெஸ்ஸே புல்யுயார்விக்கு 17 பாயின்ட், செபாஸ்தியன் ஆஹோவுக்கு 14, பாட்ரிக் லைனேவுக்கு 13. சிறந்த வீரர் விருது புல்யுயார்விக்கு. அந்த வருட டிராஃப்டில் (வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கிற நிகழ்ச்சி) லைனே இரண்டாவதாகவும் புல்யுயார்வி நான்காவதாகவும் போனார்கள். ஆஹோவை அதற்கு முந்தின வருடமே கரோலைனா அணி 35-வது ஆளாக எடுத்துவைத்திருந்தது. பிறகு நடந்தது ஊரறிந்தது. லைனே முதல் சீசனிலேயே 36 கோல் அடித்தார். ஆஹோ கரோலைனாவின் முதுகெலும்பு ஆனார். புல்யுயார்வியின் கணக்கு அந்த விருதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, நடுவில் இடுப்பு அறுவை சிகிச்சை வேறு.

இடுப்பு வலியை எந்தப் போட்டியும் முன்கூட்டிச் சொல்லாது. அதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த வரிசையின் ஆட்டத்தை மறுபடி போட்டு, ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் உள்ள ஐந்து விநாடியை மட்டும் பாருங்கள். எதிரணி டிஃபென்ஸ் பின்வாங்குமா முன்னேறுமா என்று தீர்மானிக்கிற அந்த முதல் தொடுகை யாருடையது? மூன்று பேரில் உருவத்தில் சிறியவரான ஆஹோவின் கையில்தான் அந்த முடிவு இருந்தது என்பது என் கணிப்பு. பெரிய உடம்பும் நீளமான கையும் 18 வயதில் நிறைய சில்லறைச் சண்டைகளை ஜெயித்துக் கொடுக்கும். எதிரே நிற்கிறவர்களும் வளர்ந்தபிறகு அந்தச் சலுகை போய்விடும். முடிவெடுக்கிற வேகத்துக்கு அப்படி ஒரு காலாவதி கிடையாது.

டிஃபென்ஸ்மேனை எடைபோடும்போது நான் திரும்பத் திரும்பத் தேடுவது ஒரே காட்சியை. எதிரணி பக்கை மூலைக்குத் தள்ளிவிடுகிறது. பையன் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்க ஓடவேண்டும். பின்னால் ஃபோர்செக் செய்ய, அதாவது பக்கைப் பறிக்க, ஒருவன் முழு வேகத்தில் வருகிறான். தேறுகிற பையன் பக்கைத் தொடும் முன் இரண்டு முறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பான். முதல் தடவை, எத்தனை பேர் வருகிறார்கள் என்று. இரண்டாவது தடவை, அரங்கின் ஓரச் சுவரான போர்டை நெருங்கும்போது, வருகிறவன் எந்தத் தோள் பக்கம் என்று. பிறகு இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துப் போக்குக் காட்டுவான். வந்தவன் அந்தப் பக்கம் சறுக்கிப் போக, இவன் வலைக்குப் பின்னால் எதிர்த் திசையில் வெளியே வந்து, தலை நிமிர்ந்தபடி சென்டருக்குப் பாஸ் கொடுத்திருப்பான். மொத்தம் மூன்று விநாடி. பாயின்ட் எதுவும் கிடையாது, வர்ணனையாளர் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்.

கிளப் லீகில் ஒரே ஒரு பார்வையோடு தப்பித்துக்கொண்டிருந்தவன் இங்கே மாட்டிக்கொள்கிறான். வருகிறவர்கள் அரை விநாடி முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டம் வரும்போது, இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடைத்தான் நான் கட்டாயம் பார்ப்பேன். களைப்பில் முதலில் காணாமல் போவது அந்த இரண்டாவது பார்வை. போகாமல் இருந்தால் அந்தப் பெயருக்குக் கீழே கோடு போட்டுவைப்பேன்.

ஃபார்வர்டுகளை இதேபோல் சோதிப்பது கைவிட்டுப் போன முக்கியத்துவம். சொந்த கிளப்பில் கோச் பாதி ஆட்டத்துக்குப் பனியில் விட்டுவைக்கிற நட்சத்திரம், தேசிய அணிக்கு வந்ததும் நான்காவது வரிசையில் உட்காருகிறான். கனடா, அமெரிக்கா, ஸ்வீடன் போன்ற அணிகளில் இது எல்லா வருடமும் நடக்கும். பவர்பிளே (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) கிடையாது, பெனால்டி கில் (தன் அணியில் ஆள் குறைந்து தடுத்தாடும் நேரம்) உண்டு. ஒரு தடவை பனியில் இறங்கி ஆடுகிற அந்த நாற்பது விநாடி ஷிஃப்ட்டில் என்ன செய்கிறான் பாருங்கள். சிலர் அந்த நாற்பது விநாடிக்குள் தன் வித்தை எல்லாவற்றையும் கடைவிரிக்கப் பார்ப்பார்கள்: எதிரணிப் பகுதியின் எல்லையான புளூ லைனிலேயே டிரிபிள் செய்து பக்கை இழப்பார்கள், பெஞ்சுக்குப் போகவேண்டிய நேரத்தில் இன்னொரு சுற்று சுற்றுவார்கள். சிலர் திரும்பி ஓடி எதிரியைத் தடுக்கிற பேக்செக்கை முடித்து, பக்கை ஆழத்தில் தள்ளிவிட்டு, ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கோச் யாரைக் கூப்பிடுகிறார் என்று பனிநேரக் கணக்கைப் பார்த்தாலே புரியும். ஒரு கோல் முன்னிலையில், கடைசி இரண்டு நிமிடத்தில் பனியில் இருக்கிற ஐந்து பெயர்கள்தான் கோச் எழுதாமல் எழுதுகிற மதிப்பீடு. கோல் அடித்தவர் பட்டியலைவிட நான் அதைத்தான் நம்புகிறேன்.

தொலைக்காட்சியில் பார்ப்பதில் ஒரு குறை உண்டு: கேமரா பக்கோடு ஓடும். நமக்கு வேண்டியவன் பக்கிலிருந்து முப்பது அடி தள்ளி என்ன செய்கிறான் என்பது திரைக்கு வெளியே போய்விடும். நேரில் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. பதிவில் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் முறை ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது முறை ஒரே ஒருவனின் ஷிஃப்ட்டை மட்டும் எடுத்து, அவன் திரைக்குள் நுழைகிற கணத்தையும் வெளியேறுகிற கணத்தையும் கவனியுங்கள். எந்த வேகத்தில் நுழைகிறான் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

வயதை மறந்தால் கணக்கே தப்பு. என்எச்எல் டிராஃப்டுக்குக் கெடு செப்டம்பர் 15. அதற்குள் 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். ஆஸ்டன் மாத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாளில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு, 2016-ல் முதல் ஆளாகப் போனார். உலக ஜூனியரோ பிறந்த வருடத்தை வைத்து வயது பார்க்கிறது, அதனால் இது பெரும்பாலும் 19 வயதுக்காரர்களின் போட்டி. டிராஃப்டுக்கு முன்பான 17 வயதுப் பையன் பத்து நிமிடம் ஆடி, அவன் பனியில் இருக்கும்போது அணிக்கு ஆபத்து எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால், மூன்றாவது தடவையாக வந்த 19 வயதுக்காரனின் ஏழு பாயின்ட்டைவிட அது எனக்குப் பெரிது.

கோலிகள் விஷயத்தில் நான் கையைத் தூக்கிவிடுகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அவர்களிடம் செல்லவே செல்லாது. 2006-ல் ஜஸ்டின் போகி ஆறு ஆட்டத்தில் மூன்று ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்), ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற சராசரியோடு கனடாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். இறுதியில் ரஷ்யாவுக்கு ஒரு கோல்கூட விடவில்லை. அதே தொடரில் சிறந்த கோலி விருது ஃபின்லாந்தின் துக்கா ராஸ்குக்கு. இருவருமே டொரான்டோ என்எச்எல் அணியின் சொத்து. அந்த ஜூனிலேயே ராஸ்கை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். போகி என்எச்எல்லில் ஆடியது ஏழே ஆட்டம். ராஸ்க் 2014-ல் என்எச்எல்லின் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை வாங்கினார். அந்த ஜனவரியில் ஆறேழு ஆட்டத்தை மட்டும் பார்த்த யாராலும் இதை நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது. வலுவான அணிக்குப் பின்னால் நிற்கிற கோலிக்குப் பல ஆட்டங்களில் அதிக ஷாட் வருவதில்லை. 2024 டிசம்பரில் லாட்வியாவின் லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் 55 ஷாட்டைத் தடுத்து ஒட்டாவாவில் கனடாவைத் தோற்கடித்தது போன்ற ராத்திரிகளை ரசிக்கலாம், கொண்டாடலாம். நோட்டில் எழுதுவது கோலி எங்கே நிற்கிறார், தடுத்த பக் எகிறிப்போகிற ரீபவுண்டு எங்கே போகிறது என்ற இரண்டை மட்டும்.

மற்ற ஜூனியர் போட்டிகளையும் இதே கண்ணாடியால் பார்க்க முடியாது. ஆகஸ்டில் வருகிற ஹிலிங்கா கிரெட்ஸ்கி கோப்பை சீசனுக்கு முன்னால் நடப்பது. யாருக்கும் கால் இன்னும் ஓடவில்லை, அமெரிக்காவும் தன் முதன்மை 18 வயது அணியை அனுப்புவதில்லை. ஏப்ரலில் வருகிற 18 வயதுக்குட்பட்ட உலக சாம்பியன்ஷிப்புக்கு அந்த முதன்மை அணியே வரும். இரண்டு வருடம் ஒன்றாகவே பயிற்சி எடுத்த கூட்டம் என்பதால் பாயின்ட்கள் கொஞ்சம் ஊதிப்போயிருக்கும். கனடாவுக்கோ கிளப் லீகின் பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கிற நாக்அவுட் சுற்று) இருக்கிற பையன்கள் கிடைக்கமாட்டார்கள். அதற்காக ஒதுக்கிவிடவும் கூடாது. 2011-ல் நிகிதா குச்செரோவ் அங்கே ஏழு ஆட்டத்தில் 21 பாயின்ட் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து நடந்த டிராஃப்டில் 58-வது ஆளாகத்தான் அவர் பெயர் வந்தது. கண்முன்னால் கிடந்த பாயின்ட்டை அந்த வருடம் பல அணிகள் ஏன் நம்பவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பாயின்ட்டை நம்பாதே என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் அவருடைய பாயின்ட்டுக்குப் பின்னால் இருந்த பாஸ்களைப் பார்த்தால் அந்தத் தயக்கம் வந்திருக்காது.

பனியின் அளவையும் குறித்துவையுங்கள். பழைய ஐரோப்பிய அரங்குகள் 30 மீட்டர் அகலம், என்எச்எல் அளவு 26 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலமான பனியில் நிதானமாகத் தெரிகிற டிஃபென்ஸ்மேன் குறுகலான பனியில் திணறுவது சகஜம். மூலையில் மட்டுமே ஜொலிக்கிற ஃபார்வர்டுக்கு நேர்மாறு.

தொடர் முடிந்ததும் நோட்டில் இருப்பது பெரும்பாலும் கேள்விகளாகத்தான் இருக்கும். இவன் கிளப்பிலும் அந்த இரண்டாவது பார்வை பார்க்கிறானா, அவன் பவர்பிளே இல்லாமலும் ஷாட் எடுக்கிறானா என்று. அதற்கான பதிலைப் பிப்ரவரி, மார்ச்சில் கிளப் ஆட்டங்களில் தேடுவேன். அங்கே கிடைக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவேன். வெண்கலப் பதக்க ஆட்டத்துக்கு மட்டும் நான் நோட்டைத் திறப்பதில்லை. முந்தின நாள் அரையிறுதியில் தோற்று, சரியாகத் தூங்காமல் வந்து நிற்கிற இரண்டு அணிகள். அதில்தான் குணம் தெரியும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 18 வயதில் ஒரு பையன் ஏமாற்றத்தோடு ஆடுகிற அறுபது நிமிடத்தை வைத்து அவன் குணத்தை எழுத எனக்கு மனம் வருவதில்லை.