கடற்காற்றில் காபிக்கொட்டை: நான்கு ஆண்டு அனுபவம்

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில், அலைச்சத்தம் காதில் விழும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. அரைத்த தூளையே வாங்கிப் பழகியிருந்த நாங்கள், நான்கு ஆண்டுகளாக வறுத்த கொட்டையை வாங்கி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கையால் அரைத்து, எவர்சில்வர் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி வருகிறோம். இந்த ஊரில் அரவை இயந்திரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், கொட்டையை எங்கே, எப்படி வைக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் ஆண்டு ஐப்பசி மழையின்போது, விலை சற்றுக் குறைகிறதே என்று ஒரு கிலோ பீபெரியை (பழத்துக்குள் இரண்டாகப் பிளவுபடாமல் ஒற்றையாக உருண்டு விளையும் காபிக்கொட்டை) மொத்தமாக வாங்கி, பெரிய கண்ணாடி ஜாடியில் கொட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலைதோறும் ஜாடியை வெளியே எடுத்துத் திறந்தபோதெல்லாம் ஈரக்காற்று குளிர்ந்த கொட்டையின்மேல் பனித்துப் படிந்தது. மூன்றாம் வாரத்தில் கொட்டையை விரலால் நசுக்கினால் மொறுமொறுப்பாக உடையவில்லை, மணத்திலும் முந்தைய நாள் சாம்பாரின் வாடை கலந்திருந்தது. இப்போது ஒரு வாரத்துக்குச் சற்று மேல் வரும் 250 கிராம் மட்டுமே வாங்குகிறேன். வறுத்த கொட்டை சில நாள்கள் கரியமில வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், அந்த வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே புகாமலிருக்கவும் ஒருவழி வால்வு வைத்த பையிலேயே காற்றைப் பிதுக்கி மூடி, அடுப்புக்கு எட்டத்தில் இருட்டான அலமாரியில் வைக்கிறேன். ஊருக்குப் போக நேர்ந்தால் சிறு பொட்டலங்களாக இறுகக் கட்டி உறைபெட்டியில் வைத்து, எடுத்த பொட்டலம் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்கிறேன்.

அரவையைப் பொறுத்தவரை, மிக்சி கொட்டையை வெட்டுகிறதே தவிர அரைப்பதில்லை. ஒரு பாதி மாவாகி ஃபில்டரின் துளைகளை அடைக்க, மறுபாதி ரவையாக நின்றுவிடுகிறது. கூம்பு வடிவப் பற்கள் கொண்ட கையரவை ஒரே சீரான தூளைத் தருகிறது. முப்பது கிராம் அரைக்கக் கை சற்று வலிக்கும், ஆனாலும் அந்த நேரத்தில் சமையலறை முழுவதும் எழும் மணத்துக்காக நான் அதை விரும்பியே செய்கிறேன். பற்களை ஒருபோதும் தண்ணீரில் கழுவுவதில்லை, உலர்ந்த தூரிகையால் துடைப்பதோடு சரி.

சிக்கரி சேர்ப்பதானால் அதைத் தனி டப்பாவில் வைத்து, இறக்கும்போது மட்டும் கலக்க வேண்டும்; ஈரத்தை இழுத்து முதலில் கட்டிபிடிப்பது அதுதான்.

முப்பது கிராம் தூளை மேல் பாத்திரத்தில் இலேசாக அழுத்தி, கொதித்து அரை நிமிடம் ஆறிய கேன் தண்ணீர் 150 மில்லியில் முதலில் சிறிதளவு ஊற்றினால், புதிய தூள் நுரைத்து மேலே உப்பி வரும். பழைய தூள் அசையாமல் கிடக்கும். உப்பல் அடங்கிய பின் மீதியை ஊற்றி மூடினால் இருபது நிமிடத்தில் திக்கான டிகாக்‌ஷன் இறங்கிவிடுகிறது. சொட்டுவது மெதுவாகும் மாதங்களில், துளைத்தட்டை இடுக்கியால் பிடித்து அடுப்புச் சுடரில் காட்டித் தட்டினால், அடைத்திருந்த தூள் கருகி உதிர்ந்து துளைகள் மறுபடியும் திறந்துகொள்கின்றன.